ஒரு தட்டும் மூன்று வீடுகளும்

கிழக்கிலங்கையின் கரையோர முஸ்லிம் ஊர்களிலே ஒரு வளவின் வரலாற்றை அறிய விரும்புவோர் காணி உறுதிகளைப் புரட்ட வேண்டியதில்லை. அவ்வளவிலுள்ள கூரைகளை எண்ணினாலே போதுமானது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என அம்பாறைக் கரை நெடுகிலும் தொடர்ந்து செல்லும் இவ்வூர்களில் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து குடியேறுவதே வழக்கம். ஆகவே மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் தலையாய கடன். தாம் வாழ்ந்த வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதே வளவின் ஒரு மூலையில் சிறியதொரு வீட்டைக் கட்டிக்கொண்டு பெற்றோர் ஒதுங்குவர். அடுத்தவள் வளர்ந்ததும் அவ்வீடும் கைமாறும். இறுதியில் கடைசி மகளின் வீட்டில் ஓர் அறையோடு தாயின் வாழ்வு அடங்கும். அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008ஆம் ஆண்டு வெளியான தமது நூலில், இத்தாய்வழி ஒழுங்கு இக்கரையோரத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானதெனக் காட்டியுள்ளார். அக்காள் தங்கையர் ஒரே கிணற்றில் நீரள்ளி, ஒரே முற்றத்தில் நெல் உலர்த்தி, மதிலில்லாத பக்கத்து வீடுகளில் வாழ்ந்து முதிர்வது இவ்வொழுங்கின் இயல்பான விளைவாகும்.

சாய்ந்தமருதில் அத்தகைய வளவு ஒன்றில் மூன்று கூரைகள் இருந்தன. முதலாவது, கொன்கிறீற் போட்ட தட்டைக் கூரை. அது மூத்த மகளின் வீடு. அவளது கணவர் கட்டாரிலே தொழில் பார்த்தவர். மூன்றாவது, பழைய ஓட்டுக்கூரை. இளைய மகளும் ஆசிரியரான அவளது கணவரும், அவர்களோடு பேரப்பிள்ளைகள் 'மூத்தம்மா' என அழைக்கும் முதிய தாயும் அங்கே வாழ்ந்தனர். இரண்டுக்கும் நடுவே, கிணற்றை அடுத்து, மற்ற இரண்டிலும் புதியதாக நின்றது நடு மகளின் வீடு. அவ்வீடு அவ்விடத்தில் இருக்க வேண்டியதன்று. அவளுக்கெனச் சீதனமாகக் கட்டிய வீடு கடற்கரையோரத்தில் இருந்தது. மீன்பிடித் தொழில் செய்யும் கணவருக்குக் கடல் அண்மையில் இருப்பது நலமென்று கருதியே அது அங்கே கட்டப்பட்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலை வந்த கடல் அந்த வீட்டை அத்திவாரத்தோடு கொண்டு சென்றது. உயிர்கள் எஞ்சின. கரையோரம் மீண்டும் வீடு கட்டுவதற்குத் தடை விதிக்கப்பட்ட காலம் அது. நடு மகள் இரண்டு பிள்ளைகளோடு தாயின் வளவுக்கே திரும்பி வந்தாள்.

நிவாரணமாகக் கிடைத்தது சுவர்கள் எழும்பும் வரைதான் போதுமாயிற்று. கூரைக்கு வழியில்லை. அப்பொழுது மூத்தம்மா தமது பெட்டகத்தைத் திறந்தார். கணவர் இருந்த காலத்திலிருந்தே வயற்குத்தகையிலும் பாய் இழைத்து விற்றதிலும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதிலே இருந்தது. ஹஜ்ஜுக்குப் போவதற்கென்று நிய்யத்து வைத்துச் சேர்த்த பணம் அது. அன்று அது மரமும் ஓடும் ஆணியுமாக மாறி நடு மகளின் கூரையில் ஏறியது. அதைப் பற்றி அவ்வளவில் எவரும் பின்னர் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசப்படாமையால் அது மறக்கப்பட்டதாகவே எல்லோரும் எண்ணியிருந்தனர்.

இனி, தட்டைப் பற்றிக் கூற வேண்டும். இலங்கையிலே தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆந் திகதி தொடங்கியது. ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி ஒளிபரப்பை ஆரம்பித்தது. ஆயினும் செய்மதித் தொலைக்காட்சியின் கதை அதனினும் முந்தியது. அதற்கும் இந்நாட்டுக்கும் தொடர்புண்டு. பூமியைச் சுற்றி நடுக்கோட்டுக்கு மேலாக ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செல்லும் ஒரு பொருள் பூமியோடு ஒத்துச் சுழல்வதால் வானத்தில் ஒரேயிடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் என்பதையும், அத்தகைய மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்பதையும் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் விளக்கியவர் ஆதர் சி. கிளார்க். பின்னர் இலங்கையையே தமது வாழிடமாக்கிக் கொண்ட அவர் 2008ஆம் ஆண்டு கொழும்பிலேயே மறைந்தார். 1975ஆம் ஆண்டு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் அவரது கொழும்பு இல்லத்திலே ஒரு தட்டை நிறுவிக் கொடுத்தனர். இந்தியா அமெரிக்கச் செய்மதியொன்றைக் கொண்டு, 1975 ஆகஸ்ட் முதல் 1976 யூலை வரை, ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி வழங்கிய பரீட்சார்த்தத் திட்டத்தின் காலம் அது. கோழிக்கூட்டு வலையால் அமைந்த மூன்று மீற்றர்த் தட்டு ஒன்று, அதன் கீழே பெட்டி ஒன்று, அப்பெட்டியின் முன்னே கிராமம் முழுவதும் என்பதே அத்திட்டத்தின் அமைப்பு. ஒரு தட்டுக்கு ஒரு பெட்டி என்ற அக்கணக்கில் சிக்கலேதும் இருக்கவில்லை. பெட்டிகள் பெருகியபோதுதான் சிக்கல் பிறந்தது.

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த மூத்த மருமகன், போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர், எட்டடி அகலமான வலைத்தட்டு ஒன்றை வாங்கித் தமது வீட்டின் கொன்கிறீற் கூரையில் நிறுத்துவித்தார். குளிர்நாடுகளிலே தட்டுகள் அடிவானத்தை நோக்கிச் சாய்ந்து நிற்பதைப் படங்களில் காணலாம். கல்முனையோ நடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையளவில் இருப்பது. இங்கே செய்மதிகள் ஏறத்தாழத் தலைக்கு மேலேயே நிற்கின்றன. ஆகவே அத்தட்டு கடற்பக்கமாகச் சற்றே சரிந்து, துஆவுக்கு ஏந்திய கைபோல வானத்தை நோக்கி விரிந்திருந்தது. வலையாக இருந்தமையால் மழைநீர் தேங்கவில்லை. கடற்காற்றும் அதனூடே புகுந்து சென்றது. உப்புக்காற்றால் துருப்பிடிக்கும் ஆணிகளுக்கு மட்டும் ஆண்டுக்கொருமுறை கிறீஸ் பூச வேண்டியிருந்தது.

மாதக் கட்டணமின்றிக் கிடைக்கும் அலைவரிசைகள் பல அதில் வந்தன. தாம் மட்டும் பார்ப்பது அழகன்று எனக் கருதிய மூத்த மருமகன் மற்ற இரு வீடுகளுக்கும் இரண்டு ரிசீவர்களை வாங்கிக் கொடுத்து, தட்டிலிருந்து வரும் கேபிளில் ஒரு ஸ்பிளிட்டரைப் பொருத்தி, கிணற்றுக்கு மேலாகவும் மாமரத்தின் கிளையூடாகவும் வயரை இழுத்து இணைத்துவிட்டுக் கட்டாருக்குத் திரும்பினார். ஒரு தட்டு, மூன்று வீடுகள். வழிபோக்கர் அதைப் பார்த்து, ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு எனப் பாராட்டியதுமுண்டு.

தொடக்கத்திலிருந்தே ஒரு குறை இருந்தது. இளையவளின் வீட்டிலே சில வேளைகளில் படம் திடீரென மறைந்துவிடும். சிறிது நேரத்தில் தானாகவே திரும்பி வரும். சில அலைவரிசைகளுக்கு மட்டுமே அது நேர்ந்தது. மழை என்றார் ஒருவர்; காகம் தட்டில் அமர்ந்தது என்றார் இன்னொருவர். பங்குனியிலும் புரட்டாசியிலும் சில நாள்களில் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னே வந்து நிற்கையில் படம் சில நிமிடங்கள் கெடுவதுண்டு என்று பத்திரிகையொன்றில் படித்திருந்த ஆசிரியர் அதுவே காரணமாகலாம் என்றார். காரணம் எதுவாயினும் பொறுத்துக்கொள்ளக் கூடியதாகவே அது இருந்தது. அறபா நாள் வரும் வரை.

ஹஜ் மாதத்துப் பிறை ஒன்பதில் அறபா வெளியிலே இலட்சக்கணக்கான ஹாஜிகள் கூடி நிற்பதை அறபு அலைவரிசையொன்று நேரடியாகக் காட்டியது. மக்காவின் நேரத்துக்கும் இலங்கை நேரத்துக்கும் இரண்டரை மணித்தியால வேறுபாடு. அங்கே நண்பகற் குத்பா நிகழும்போது இங்கே பிற்பகல் மூன்று மணியாகும். மூத்தம்மா அன்று காலை முதலே ஆயத்தமானார். வெள்ளை முக்காடிட்டு, வுளூச் செய்து, பாயைத் தொலைக்காட்சியின் முன் விரித்து அமர்ந்தார். பெட்டகத்தில் இருந்த பணம் கூரையான பின்னர் அவருக்கு எஞ்சியிருந்த பயணம் அதுவொன்றே என்பதை அவ்வீட்டார் அறிந்திருந்தனர். அவர் மட்டும் அவ்வாறு சொன்னதில்லை. வெண்ணிற ஆடையில் மலையும் வெளியும் நிரம்பியிருந்த மனிதக் கடலைப் பார்த்துக்கொண்டே அவரது உதடுகள் தல்பியா ஓதிக்கொண்டிருந்தன. குத்பா தொடங்கிச் சில நிமிடங்களே கழிந்திருக்கும். திரை கறுத்தது. சமிக்ஞை இல்லை என்னும் பலகை தோன்றிற்று.

மழையில்லை. காகமும் இல்லை. வானம் தெளிந்திருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணித்தியாலம் எனக் காத்திருந்தும் படம் வரவில்லை. மூத்தம்மா ஒன்றும் சொல்லாமல் கறுத்த திரையின் முன் அமர்ந்தபடியே இருந்தார். இளைய மகள் முற்றத்தில் இறங்கினாள். நடு வீட்டிலிருந்து கிரிக்கெற் வர்ணனை உரத்துக் கேட்டது. சிறுவர் ஆரவாரம் செய்தனர். அங்கே படம் ஓடுகிறது, இங்கே இல்லை. அவளுக்கு அதற்குமேல் ஆதாரம் வேண்டியிருக்கவில்லை.

"நாங்க உங்கட படத்தத் தொடல்ல தங்கச்சி" என்றாள் நடு மகள். அது முற்றிலும் உண்மை. ஆயின் உண்மை அவ்வேளையில் எடுபடவில்லை. இளையவளின் வாயிலிருந்து, எட்டு ஆண்டுகளாக அவ்வளவில் எவரும் பேசாதிருந்த சொல் வந்துவிட்டது.

"உம்மாட ஹஜ்ஜுக் காசு உங்கட கூரைக்குப் போச்சு. இப்ப அவ கண்ணால பாக்கிறதும் உங்களுக்குப் பொறுக்கல்லயா ராத்தா?"

கிரிக்கெற் வர்ணனை நின்றது. நடு மகள் உள்ளே சென்று தொலைக்காட்சியை அணைத்தாள். பின்னர் ஒரு கத்தியோடு வெளியே வந்து, தன் வீட்டுச் சுவரில் இறங்கிய கேபிளை இரண்டாக வெட்டினாள். விந்தை என்னவெனில், அவள் தொலைக்காட்சியை அணைத்த கணத்திலேயே இளையவளின் வீட்டில் படம் திரும்பி வந்திருந்தது. அதனைக் கண்ட இளையவள் தன் ஐயம் உறுதியாயிற்று என்று நம்பினாள். குத்பா முடிந்திருந்தது. மூத்தம்மா திரையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடுத்தத எண்ணிப் பாக்கிறத்துக்கா நான் குடுத்தன்?" என்று மட்டும் அவர் கேட்டார். எவரிடம் கேட்டார் என்பது விளங்கவில்லை.

அன்றிலிருந்து நான்கு மாதங்கள் அவ்விரு சகோதரியரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே கிணற்றில் நீரள்ளுவோர் பேசாதிருப்பதற்கு மிகுந்த முயற்சி வேண்டும். ஒருத்தியின் வாளி ஓசை ஓய்ந்த பின்னரே மற்றவள் வெளியே வந்தாள். பிள்ளைகள் எந்த வீட்டில் உண்பதென அறியாது தடுமாறினர். மூத்தவள் இரு வீட்டுக்கும் இடையே செய்தி சுமந்து களைத்தாள். வெட்டப்பட்ட வயரின் முனை மாமரத்திலிருந்து தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதனை எவரும் கழற்றவுமில்லை, பொருத்தவுமில்லை.

மாசி மாதத்திலே ஒரு நாள் வீசிய காற்றில் தட்டு சற்றுத் திரும்பிவிட்டது. மூத்தவள் கல்முனை நகரிலிருந்து வானொலி திருத்தும் முதியவர் ஒருவரை அழைப்பித்தாள். வால்வு றேடியோக் காலத்திலிருந்து அத்தொழிலைச் செய்து வருபவர் அவர். பிறந்தது மருதமுனையில், கைத்தறி நெசவாளர் குடும்பத்தில். தட்டைத் திருப்பி நேராக்கிவிட்டு இறங்கியவரின் கண்ணில் தொங்கும் வயர் பட்டது. எலி கடித்ததன்று, கத்தி வெட்டியது என்பதை முனையைப் பார்த்தே அவர் அறிந்துகொண்டார். என்ன நேர்ந்ததென வினவினார். மூத்தவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அந்த நேரம் நடு ஊட்டுல என்ன ஓடிச்சி?"

"கிரிக்கெற்."

"அப்ப சரி. ஆரும் ஆருக்கும் ஒண்டும் செய்யல்ல மகள். இது வோல்ற் செஞ்ச வேல."

பின்னர் அம்முதியவர் மூன்று வீட்டாரும் கேட்கக்கூடியதாக முற்றத்து வாங்கில் அமர்ந்து விளக்கலானார். அவர் கூறியதன் சாரம் வருமாறு. செய்மதியிலிருந்து வரும் அலைகள் இரு வகைப்பட்டவை. ஒன்று நிலைக்குத்தாக அதிர்வது. மற்றையது கிடையாக அதிர்வது. தறியிலே பாவும் ஊடையும் ஒரே துணியில் இருந்தும் ஒன்றோடொன்று கலவாது செல்வதுபோல, இவ்விரு வகை அலைகளும் ஒரே வானத்தில், ஒரே அதிர்வெண்ணில் இருந்தும் கலவாது வருகின்றன. அவ்வாறு செய்வதால் ஒரு செய்மதி இருமடங்கு அலைவரிசைகளைச் சுமக்க முடிகிறது. தட்டின் குவியத்தில் இருக்கும் எல்.என்.பி. என்னும் சிறு கருவியே அவற்றை ஏற்கின்றது. 36,000 கிலோமீற்றர் கடந்து வந்த அலை மிகவும் நலிந்தது. அதனைப் பெருக்கி, நாலாயிரம் மெகாஹேர்ட்ஸ் அளவிலுள்ள அதன் அதிர்வெண்ணை ஏறத்தாழ ஆயிரம் மெகாஹேர்ட்ஸுக்குக் குறைத்து, கேபிள் தாங்கக்கூடிய வடிவில் கீழே அனுப்புவது அதன் பணி. ஆனால் சாதாரண எல்.என்.பி. ஒரு வேளையில் ஒரு வகையையே அனுப்பும். பாவா, ஊடையா என்பதைக் கீழேயுள்ள ரிசீவரே சொல்ல வேண்டும். ரிசீவர் அதைச் சொல்வது அதே கேபிளின் வழியாக மேலே அனுப்பும் மின்னழுத்தத்தினால். 13 வோல்ற் அனுப்பினால் நிலைக்குத்து. 18 வோல்ற் அனுப்பினால் கிடை.

"படம் மேலேயிருந்து கீழ வருகுது எண்டுதான் எல்லாரும் நினைக்கிற. கீழேயிருந்து ஒரு கேள்வி மேல போறது ஆருக்கும் தெரியா" என்றார் முதியவர்.

ஒரு ரிசீவர் இருக்கும் வரை இதில் குழப்பமில்லை. மூன்று ரிசீவர்கள் ஒரே கேபிளில் இணைந்து, ஒன்று 13ஐயும் இன்னொன்று 18ஐயும் கேட்குமானால் என்ன ஆகும்? ஸ்பிளிட்டரினுள்ளே மின்னழுத்தங்கள் சந்திக்கும்போது கூடியதே மேலே போகும். 18 கேட்பவர் எப்போதும் வெல்வர். 13 கேட்பவரின் படம் அழியும். வென்றவரின் திரையில் எவ்விதக் குறையும் தோன்றாது. ஆகவே தான் பிறருக்கு இடையூறு செய்கிறோம் என்பதை அவர் அறிவதற்கு வழியே இல்லை. அறபு அலைவரிசை 13இல் இருந்தது. கிரிக்கெற் 18இல் இருந்தது. நிகழ்ந்தது அவ்வளவே.

விளக்கத்தோடு முதியவர் அமையவில்லை. வெட்டிய வயரைத் தற்காலிகமாக இணைத்தார். இளையவளின் வீட்டிலே அறபு அலைவரிசையை வைக்கச் சொன்னார். நடு மகளின் மூத்த பையனை அவன் வீட்டிலே அலைவரிசையை மாற்றும்படி முற்றத்திலிருந்தே குரல் கொடுத்தார். படம் மறைந்தது. மீண்டும் மாற்றச் சொன்னார். படம் வந்தது. மூன்றாம் முறை செய்தபோது, நான்கு மாதங்களாக அவ்வாசலை மிதிக்காதிருந்த நடு மகள் அதன் கடப்படியில் வந்து நின்றாள். தன் மகனின் விரல் அங்கே அசைய, தாயின் திரை இங்கே கறுப்பதை அவள் கண்டாள். அறியாமலே செய்தது, செய்ததும்தான் என்பது அவளுக்கு விளங்கிற்று. பின்னால் நின்ற இளையவளும் அதனையே கண்டாள். தான் கண்ட குற்றத்திலே குற்றவாளி ஒருவரும் இருந்ததில்லை என்பது அவளுக்கு விளங்கிற்று. இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. இக்கரையோரத்துச் சகோதரியரிடையே அத்தகைய வழக்கம் இல்லை. "இதுக்கு என்ன செய்யலாம் காக்கா?" என்று நடு மகள் முதியவரைக் கேட்டாள். அவ்வினாவே போதுமானதாயிற்று.

செய்யக்கூடியவை சில இருந்தன. இரண்டு அல்லது நான்கு வாய்களுள்ள எல்.என்.பி. ஒன்றைப் பொருத்தி, வீட்டுக்கு வீடு தனித்தனிக் கேபிள் இழுக்கலாம். ஒவ்வொரு வாயும் தன் தன் ரிசீவரின் சொல்லை மட்டுமே கேட்கும். பெரிய மாடிக் கட்டடங்களிலே இரு வகை அலைகளையும் தனித்தனியே இறக்கி, வேண்டியவருக்கு வேண்டியதை மாற்றிக் கொடுக்கும் சுவிச்சுப் பெட்டிகளையும் வைப்பர். முதியவர் வேறொன்றைத் தெரிந்தார். இரு வகை அலைகளையும் ஒரே வேளையில், ஒரே கேபிளில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அனுப்பும் எல்.என்.பி. ஒன்று உண்டு. சாதாரணக் கருவியினுள்ளே 5150 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் அலையாக்கி ஒன்று மட்டும் இருக்கும். இதிலோ 5150, 5750 என இரண்டு உண்டு. அதனால் ஒரு வகை அலைகள் 950 முதல் 1450 வரையிலும் மற்றையவை 1550 முதல் 2050 வரையிலுமாகக் கேபிளிலே தத்தம் இடத்தைப் பெறுகின்றன. எந்த ரிசீவரும் எதையும் கேட்டு மேலே ஆணை அனுப்ப வேண்டியதில்லை. எல்லாம் எல்லோருக்கும் எந்நேரமும் வந்துகொண்டிருக்கும். வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். இருக்கும் கேபிளும் ஸ்பிளிட்டருமே போதும். ரிசீவர்களில் எண்களை மாற்றிவிட்டால் சரி. கருவிக்கு வேண்டிய மின்னழுத்தத்தை மூன்று வீட்டுள் எந்தப் பெட்டி விழித்திருந்தாலும் அது கொடுக்கும்.

குறையில்லாத வழி என்று அவர் சொல்லவில்லை. ஸ்பிளிட்டரின் ஒவ்வொரு பிரிவிலும் அலையின் வலு குறையும். இரண்டாகப் பிரித்தாற் பாதி, மூன்றாகப் பிரித்தால் மூன்றிலொன்று. கேபிள் நீள நீள இன்னும் குறையும். அதிலும் மேலடுக்கிலுள்ள அலைகளே விரைவில் நலிவடையும். ஆகவே கேபிளை மாமரம் சுற்றி இழுக்காது நேராக இழுக்க வேண்டும். இணைப்புகளை உப்புக்காற்றுப் புகாதபடி ரேப்பால் இறுகச் சுற்ற வேண்டும். பகிர்வு என்றாலே ஒவ்வொருவருக்கும் சிறிது குறையத்தான் செய்யும், அக்குறையைத் தாங்கும் அளவுக்குத் தட்டு பெரிதாக இருந்தாற் போதும் என்று அவர் கூறினார். எட்டடித் தட்டு அதற்குப் போதுமானதாக இருந்தது.

விலையைக் கேட்டபோது மூத்தவள் வழமைபோல உள்ளே சென்று பணம் எடுத்து வர முற்பட்டாள். நடு மகள் அவளது கையைப் பிடித்துத் தடுத்தாள். மூன்றில் ஒரு பங்கைத் தான் தருவதாகச் சொன்னாள். மூத்தவளுக்கு அது மனவருத்தமாயிற்று. தட்டு தன் கணவர் அன்போடு கொடுத்தது, அதிலே கணக்கெதற்கு என்றாள். இளையவள் தன் பங்கையும் கொண்டு வந்து வாங்கின்மேல் வைத்தாள். கொடுக்கப்பட்ட பொருளைப் பற்றிப் பெற்றவர் குறை சொல்ல இயலாது. கொடுத்தவரும் நினைவூட்ட இயலாது. அவ்வாறு இரு பக்கத்தாராலும் பேசப்படாது கிடப்பதே ஒரு நாள் கத்தியாக வெளிவருகிறது. கூரையான ஹஜ்ஜுப் பணமும் அத்தகையதாகவே இருந்தது. அன்று முதல் அத்தட்டு மூவருக்கும் உரியதாயிற்று. படம் கெட்டால் எந்த வீட்டிலிருந்தும் எவரும் கொன்கிறீற் கூரையில் ஏறலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை என்ற புதிய வழக்கமும் உண்டாயிற்று.

அடுத்த ஆண்டு அறபா நாள் ஒக்டோபர் மாதத்தில் வந்தது. அவ்வாண்டு மூன்று வீடுகளிலும் எவர் எதைப் பார்த்தாலும் எவருடைய படமும் மறையாது. கிரிக்கெற்றும் குத்பாவும் ஒரே வயரில் ஒன்றையொன்று தொடாது சென்றன. மூத்தம்மா காலையிலே வெள்ளை முக்காடிட்டு, வுளூச் செய்து, தமது பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இளையவள் தொலைக்காட்சியை அவருக்காக ஏற்கெனவே ஆயத்தமாக வைத்திருந்தாள். அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவர் முற்றத்தில் இறங்கி, கிணற்றைக் கடந்து, நடு மகளின் வீட்டினுள்ளே சென்றார். அக்கூரையின் கீழே பாயை விரித்தார். அக்கூரை கட்டப்பட்ட நாளிலிருந்து அவர் அங்கே எத்தனையோ முறை உண்டதுண்டு, உறங்கியதுண்டு. ஆயினும் பாய் விரித்து இவ்வாறு அமர்ந்தது அதுவே முதன்முறை. நடு மகளின் பையன் ரிமோட்டை எடுத்து மூத்தம்மாவின் மடியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

சிறிது நேரத்தில் இளையவள் தன் வீட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு அங்கே வந்தாள். அவளுக்குப் பின் மூத்தவளும் வந்தாள். அறபா வெளி திரையில் விரிந்தது. மூத்தம்மாவின் உதடுகள் தல்பியா ஓதின. பிள்ளைகளும் கூடவே ஓதின. அன்று பிற்பகல் அவ்வளவில் விழித்திருந்த பெட்டி அது ஒன்றே. கொன்கிறீற் கூரையில் நின்ற தட்டுக்கு வேண்டிய மின்னழுத்தத்தை அதுவே கொடுத்துக்கொண்டிருந்தது.